விமான நிலைய ரயிலின் மறுமுனை

சேலம் சந்திப்பில் இரவு ரயிலேறி, ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் வண்டியில் ஒரு தூக்கம் போட்டு, விடிவதற்கு முன் தாம்பரத்தில் இறங்கும் ஒருவர், அங்கே கடற்கரை மார்க்கத்து மின்ரயிலைப் பிடித்தால், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நான்காவது நிறுத்தமான திரிசூலத்தில் இறங்கிவிடலாம். நிலையத்தை விட்டு வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்க நடைபாதை வழியாகக் கடந்தால் எதிரே சென்னை விமான நிலையம். முன்னூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட இந்தப் பயணத்தில் ஆட்டோ இல்லை, டாக்சி பேரம் இல்லை. அதே சேலத்துக்காரர் தன் ஊருக்குரிய காமலாபுரம் விமான நிலையத்துக்குப் போக வேண்டுமானால், தூரம் சுமார் 20 கிலோமீட்டர்தான் என்றாலும், தண்டவாளத்தின் மீது போக வழியில்லை. பக்கத்தில் இருப்பது எட்டாமலும், எட்டத்தில் இருப்பது எட்டும்படியும் அமைந்துபோன இந்த முரண், விமான நிலைய ரயில் இணைப்பு என்றால் உண்மையில் என்ன என்பதைப் புரிந்துகொள்ள நல்ல வாசல்.

காமலாபுரத்தில் விமானங்கள் மீண்டும் இறங்கத் தொடங்கிய 2023 அக்டோபருக்குப் பிறகு, 'அங்கே ஒரு ரயில் விட்டால் என்ன?' என்ற கேள்வி சேலத்தில் அவ்வப்போது எழுகிறது. சேலத்துக்கும் பெருந்திரள் போக்குவரத்து அமைக்க முடியுமா என்று மாநில அரசு சாத்தியக்கூறு ஆராய முற்பட்டதும் அந்த ஆசைக்கு உரமிட்டது. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு விடை சொல்ல முனைபவர்கள் பெரும்பாலும் விமான நிலைய முனையையே பார்க்கிறார்கள். அங்கே நிலையம் எங்கே வரும், எத்தனை நடைமேடை, எவ்வளவு வேகம் என்று. உலகத்தில் இதுவரை கட்டப்பட்ட இணைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது பெரும்பாலும் மறுமுனைதான்: ரயில் ஊருக்குள் எங்கே போய் நிற்கிறது, அங்கே இறங்கியவர் அடுத்து எதில் ஏறுகிறார், அந்த நேரத்தில் அந்த வண்டி ஓடுகிறதா என்பவை.

குதிரைப் பந்தய நிலையத்திலிருந்து

விமான நிலையத்துக்கு ரயிலில் போகும் எண்ணம் புதியதன்று. பெர்லினில் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்துக்கு அருகே 1927-லேயே சுரங்க ரயில் நிலையம் திறக்கப்பட்டுவிட்டது; அதன் பெயரே 'விமான நிலையம்' என்பதுதான். ஆனால் இன்று நாம் காணும் வடிவத்துக்கு முன்னோடி என்று சொல்லத்தக்கது லண்டனுக்குத் தெற்கேயுள்ள காட்விக். அங்கே லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் பழைய இருப்புப்பாதை ஏற்கெனவே இருந்தது. குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு நிலையமும் இருந்தது. 1958-இல் விமான நிலையத்தைப் புதுப்பித்தபோது, பயணிகள் முனையத்தை அந்தப் பாதையின் ஓரமாகவே கொண்டுவந்து, பந்தய நிலையம் இருந்த இடத்திலேயே விமான நிலைய ரயில் நிலையத்தை அமைத்தார்கள். ரயிலை விமானத்திடம் கொண்டுபோகாமல், விமான முனையத்தை ரயிலிடம் கொண்டுவந்தார்கள். செலவு குறைவு, பயன் அதிகம். திரிசூலமும் ஏறக்குறைய இந்த வகைதான்; சென்னை–தாம்பரம் பாதை எப்படியும் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது, ஒரு நிலையம் வைத்தால் போதுமாயிருந்தது.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. லண்டனின் மற்றொரு விமான நிலையமான ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் பிரதான இருப்புப்பாதை கிடையாது. எனவே நகரத்துச் சுரங்க ரயிலான பிக்காடிலி தடத்தை நீட்டி 1977-இல் கொண்டுபோனார்கள். அது எல்லா நிலையங்களிலும் நின்று நின்று போவதால் மத்திய லண்டனை அடைய ஒரு மணி நேரம் வரை ஆகும். வேகம் போதவில்லை என்று 1998-இல் தனி விரைவு ரயில் வந்தது. ஹீத்ரோவிலிருந்து பாடிங்டன் நிலையத்துக்குப் பதினைந்தே நிமிடம். எண்ணிக்கையாகப் பார்த்தால் பிரமாதம். ஆனால் பாடிங்டனுக்கே போக வேண்டியவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் அங்கே இறங்கி, பெட்டியோடு இன்னொரு சுரங்க ரயிலுக்கோ டாக்சிக்கோ மாற வேண்டும். 2022-இல் எலிசபெத் தடம் திறந்து, அதே ஆண்டு நவம்பரில் ஹீத்ரோ வண்டிகள் நேரே ஓடத் தொடங்கியபோது, அது விரைவு ரயிலைவிட மெதுவாகப் போனாலும், பாடிங்டனோடு நிற்காமல் நகரத்தின் நடு வயிற்றை ஊடுருவி, கடைவீதியையும் வணிக வட்டாரத்தையும் தொட்டுக்கொண்டு கிழக்குப் பக்கம் வரை போனது. பாடிங்டனில் இறங்கிப் பெட்டியை உருட்டிய பலருக்கு அந்த வேலையே இல்லாமல் போயிற்று.

ஷாங்காயின் காந்த மிதவை ரயில் இதைவிடக் கூர்மையான உதாரணம். மணிக்கு 430 கிலோமீட்டர் வரை போகும்படி கட்டப்பட்ட அந்த வண்டி, புடாங் விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டரைச் சுமார் எட்டு நிமிடத்தில் கடக்கிறது. கடந்து எங்கே விடுகிறது என்றால், நகரத்தின் நடுவில் அன்று. லாங்யாங் சாலை என்ற புறப்பகுதி நிலையத்தில். அங்கிருந்து சாதாரண மெட்ரோவுக்கு மாறித்தான் ஊருக்குள் போக வேண்டும். மிச்சமான நிமிடங்களில் ஒரு பங்கை மாறும் இடமே விழுங்கிவிடுகிறது.

பெட்டியோடு போகிறவரின் கணக்கு

போக்குவரத்துத் திட்டமிடுவோர் பயண நேரத்தை நிமிடங்களில் கூட்டுகிறார்கள். பயணி அப்படிக் கூட்டுவதில்லை. உட்கார்ந்து போகும் பத்து நிமிடமும், படியேறும் பத்து நிமிடமும், வண்டி வருமா வராதா என்று நடைமேடையில் நிற்கும் பத்து நிமிடமும் அவருக்கு ஒன்றாகப் படுவதில்லை. எடப்பாடியிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் ஓர் ஆளை நினைத்துப் பாருங்கள். ஒரு சக்கரப் பெட்டி, நைலான் கயிறு குறுக்கும் நெடுக்கும் இறுக்கிய ஓர் அட்டைப் பெட்டி, அதன் மேல் தடித்த மை எழுத்தில் பெயரும் ஊரும், தோளில் ஒரு பை. உள்ளே ஊறுகாய், முறுக்கு, இரண்டு கைலி, மருந்து மாத்திரை. சக்கரப் பெட்டியை உருட்டலாம். அட்டைப் பெட்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலம் ஏறி இறங்கியவருக்குத்தான் 'ஒரே ஒரு மாற்றம்' என்ற சொல்லின் எடை தெரியும். நானும் ஒருமுறை ஒரு நிலையத்தில், மின்தூக்கி வேலை செய்யாத ஓர் அதிகாலையில், வழியனுப்ப வந்த மாமாவும் நானுமாக அப்படி ஒரு பெட்டியை நாற்பது படி தூக்கியிருக்கிறோம். அன்றிலிருந்து அவர் யார் வெளிநாடு போனாலும் 'காரு வச்சுக்க' என்றுதான் சொல்கிறார்.

இன்னொன்று, விமானப் பயணி வேகத்தைவிட நிச்சயத்தைத்தான் வாங்குகிறார். அலுவலகம் போகிறவர் ஒரு ரயிலை விட்டால் அடுத்ததில் போவார். விமானத்தை விட்டவருக்குப் பணமும் போகும், சில சமயம் வேலையும் போகும். ஆகவே அவர் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புகிறார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தின நாள் ஜி.எஸ்.டி. சாலையில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, தண்டவாளத்தில் போகும் வண்டியின் அருமை தெரியும். சாலை வழியாக நாற்பது நிமிடமோ இரண்டு மணி நேரமோ என்ற இடத்தில், ரயில் ஐம்பது நிமிடம் என்றால் அது ஐம்பதுதான். இந்த நிச்சயம்தான் ரயில் இணைப்பின் முதல் சரக்கு. வேகம் அதற்குப் பிறகு.

கட்டணத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டொரன்டோவில் விமான நிலையத்துக்கும் நகர மைய நிலையத்துக்கும் இடையே 2015 ஜூனில் ஒரு விரைவு ரயில் தொடங்கியது. ஒரு வழிக் கட்டணம் 27.50 கனடிய டாலர். வண்டி பெரும்பாலும் காலியாகவே ஓடிற்று. 2016 மார்ச்சில் கட்டணத்தை 12 டாலராகக் குறைத்தார்கள், கூட்டம் வந்தது. விமானத்தில் போகிறவர் எவ்வளவும் கொடுப்பார் என்ற நினைப்பே அங்கே சறுக்கிய இடம். குடும்பத்தோடு நான்கு பேர் போனால் ஒரு டாக்சியின் வாடகை நான்கு ரயில் சீட்டைவிட மலிவாகிவிடும் என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் தெரியும். மேலும், விமான நிலையத்துக்குத் தினமும் போய்வருகிறவர் விமானப் பயணி அல்லர்; துப்புரவுப் பணியாளர், சுமை ஏற்றுபவர், பாதுகாப்புக் காவலர், கடைச் சிப்பந்தி, அலுவலக ஊழியர் ஆகியோர்தான். விமானப் பயணி ஆண்டுக்கு ஓரிருமுறை வருவார். இவர்கள் மாதத்துக்கு இருபத்தைந்து நாள் வருவார்கள். கட்டணத்தை உயர்த்தி, தனி விரைவு ரயில் என்று ஒதுக்கிவைத்தால், நிலையான அந்த வாடிக்கையாளர்களை முதலிலேயே வெளியே தள்ளிவிடுகிறோம்.

பெட்டி தூக்கும் சிரமத்தைக் கோலாலம்பூர் தன் வழியில் ஈடுகட்டப் பார்த்தது. அங்கே விமான நிலையம் ஊரிலிருந்து 57 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. 2002-இல் வந்த விரைவு ரயில் அதை 28 நிமிடத்தில் கடந்து கே.எல். சென்ட்ரலில் விடுகிறது. அந்த இடத்தின் தேர்வுதான் கவனிக்கத்தக்கது: தொலைதூர ரயில், புறநகர் ரயில், நகர ரயில் எல்லாம் கூடும் இடம் அது, வாசலைத் தாண்டினால் பூக்கடையும் தமிழ்ப் பலகைகளுமாக பிரிக்பீல்ட்ஸ். பெட்டியை அந்த ரயில் நிலையத்திலேயே விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டுக் கைவீசிப் போகும் வசதியையும் சில நிறுவனங்களுக்காக ஏற்படுத்தினார்கள். பெட்டிதான் தடை என்றால் பெட்டியை நகர முனையிலேயே வாங்கிக்கொள்வது சரியான மருந்துதான். ஆனால் ஒவ்வொரு விமான நிறுவனமும் அதற்குச் சம்மதித்து ஆள் போட வேண்டும்.

டெல்லியில் நடந்தது

இந்தியாவில் இதே முறையை முயன்றது டெல்லி. புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாக துவாரகா வரை 22.7 கிலோமீட்டர் நீளமுள்ள விமான நிலைய விரைவுத் தடம் 2011 பிப்ரவரி 23 அன்று திறக்கப்பட்டது. பாதையைத் தாங்கும் கட்டுமானத்தை டெல்லி மெட்ரோ நிறுவனம் கட்டிக்கொடுக்க, வண்டிகளை வாங்கி ஓட்டும் பொறுப்பு ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் தலைமையிலான கூட்டு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு கட்டும், தனியார் ஓட்டும் என்ற இந்தப் பங்கீடு காகிதத்தில் அழகாக இருந்தது. பாதையில் கோளாறு வந்தால் அது யார் தலையில் விடியும் என்ற கேள்விக்குத்தான் பிறகு விடை தேட வேண்டியிருந்தது.

உயர்பாதையில் தூண்களுக்கும் அவற்றின் மேல் படுத்திருக்கும் உத்திரங்களுக்கும் இடையே எடையையும் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும் தாங்கிகள் இருக்கும். வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணில் படாத பாகம் அது. ஆனால் வண்டியின் முழு எடையும் அதன் வழியாகத்தான் தூணுக்கு இறங்குகிறது. அந்தத் தாங்கிகளிலும் உத்திரங்களிலும் குறைகள் தென்பட்டதால் 2012 ஜூலையில் தடம் மூடப்பட்டது. பழுதுபார்த்து 2013 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். ஆனால் அதற்குள் உறவு முறிந்துவிட்டது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் டெல்லி மெட்ரோவே தடத்தை ஏற்று நடத்தத் தொடங்கியது. இழப்பீடு பற்றிய வழக்கு நடுவர் மன்றம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று பத்தாண்டுக்கு மேல் நடந்து, 2017-இல் தனியார் தரப்புக்குச் சாதகமாக வந்த நடுவர் தீர்ப்பு 2021-இல் உச்சநீதிமன்றத்தால் உறுதிசெய்யப்பட்டு, கடைசியில் 2024 ஏப்ரலில் அதே உச்சநீதிமன்றத்தால் ரத்துசெய்யப்பட்டது.

கோளாறு ஒருபுறம் இருக்க, எதிர்பார்த்த அளவுக்குப் பயணிகள் வராததும் அந்தத் தடத்தின் தொடக்கக்காலத் துன்பமாக இருந்தது. டெல்லி மெட்ரோ ஏற்றுக்கொண்ட பிறகு கட்டணத்தைக் குறைத்தது, பயணிகள் பெருகினார்கள். டொரன்டோவில் கண்ட அதே பாடம். இன்னொரு சிக்கல் முனையங்களைப் பற்றியது. விரைவுத் தடம் நிற்பது மூன்றாம் முனையத்தில். முதலாம் முனையமோ சாலை வழியே பல கிலோமீட்டர் தள்ளி, ஓடுதளங்களுக்கு மறுபுறம் இருக்கிறது. அதற்கு ரயில் வசதி கிடைத்தது 2018-இல், முற்றிலும் வேறான மெஜந்தா தடத்தின் வழியாக. டெல்லி விமான நிலையம் என்று பொதுவாக நினைத்துக்கொண்டு ரயிலேறியவர் தவறான முனையத்தில் போய் இறங்கினால், அங்கிருந்து மற்ற முனையத்துக்குப் பேருந்தைத்தான் தேட வேண்டும். சிங்கப்பூரின் சாங்கியில் மெட்ரோ நிலையத்திலிருந்து மற்ற முனையங்களுக்குத் தானியங்கிச் சிறு ரயில் உண்டு. ஆனால் 2017-இல் திறந்த நான்காம் முனையத்துக்கு அதுவும் இல்லை, பேருந்துதான். முனையங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் முளைக்கும்போது, முன்னால் போட்ட தண்டவாளம் எல்லாவற்றையும் தொடுவது அரிது.

விடியற்காலை மூன்றரை மணி

சென்னைக்கு வருவோம். விமான நிலையம் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2016 செப்டம்பர் 21 அன்று. அப்போது அது சின்னமலை வரைதான். அண்ணா சாலைச் சுரங்கப் பகுதி 2019 பிப்ரவரியில் திறந்த பிறகு, சென்ட்ரலிலிருந்து அந்தச் சாலை வழியாகவே நேராக ஒரே வண்டியில் விமான நிலையம் போக முடிந்தது. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் கட்டணம் 50 ரூபாய்க்குள். நகர முனை என்ற அளவுகோலில் வைத்தால் சென்னை மெட்ரோ நன்றாகவே தேறுகிறது: ஒரு முனையில் சென்ட்ரல், இடையில் கிண்டி, ஆலந்தூர் என்று மாற்றுத் தடங்கள். சேலத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சென்ட்ரலுக்கு வருகிறவர் நிலையத்தை ஒட்டியே கீழே இறங்கி மெட்ரோவில் ஏறலாம்.

ஆனால் எந்த நேரத்தில்? ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்ற பெயரை நம்பி ஏற்காட்டுக்குப் போகும் வண்டி என்று நினைக்கும் வெளியூர்க்காரர்கள் உண்டு. மலையின் பெயரை மட்டும் சுமந்துகொண்டு அது ஈரோட்டிலிருந்து சேலம் வழியாக இரவில் கிளம்பி, பொழுது விடியுமுன் சென்ட்ரலை அடைந்துவிடும். மெட்ரோவோ காலை ஐந்து மணியளவில்தான் கண் விழிக்கும். காலை ஆறு மணி உள்நாட்டு விமானத்துக்கு நான்கரைக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டியவருக்கு அந்த மெட்ரோ பயன்படாது. நள்ளிரவு தாண்டி வளைகுடா விமானங்களில் வந்து இறங்குகிறவர்களுக்கும் அப்படியே. விமானங்கள் தூங்குவதில்லை, மெட்ரோ, தண்டவாளப் பராமரிப்புக்காக இரவில் சில மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும். இந்த இடத்தில் பழைய புறநகர் மின்ரயில் கைகொடுக்கிறது. அது மெட்ரோவுக்கு முன்னதாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே விவரம் தெரிந்த சேலத்துக்காரர் சென்ட்ரலில் காத்துக்கிடக்காமல், விருத்தாசலம் வழி வண்டியில் வந்து தாம்பரத்தில் இறங்கித் திரிசூலத்தைப் பிடிக்கிறார். பெரும்பாலான வண்டிகளில் குளிரூட்டிய பெட்டி இல்லை, நகரும் படி எல்லா இடத்திலும் இல்லை; ஆனால் சீட்டு ஐந்து பத்து ரூபாய், வண்டி நேரத்துக்கு வருகிறது.

பேருந்தில் வருகிறவர் நிலைமை வேறு. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின், சேலம் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் பேசப்பட்டு வருகிறது. அது வந்தால், விமான நிலைய ரயில் என்பது நகரவாசிக்கு மட்டும் உரியது என்ற நிலை மாறி, தென்மாவட்டத்தாருக்கும் மேற்கு மாவட்டத்தாருக்கும் உரியதாகும். என் கணிப்பில் அந்தப் பதினைந்து கிலோமீட்டர்தான், சென்னைக்குள் போடப்படும் வேறு எந்தப் பதினைந்து கிலோமீட்டரையும்விட, சேலத்துக்கு நெருக்கமானது.

காமலாபுரத்துக்கு என்ன பொருந்தும்

சேலம் விமான நிலையம் 1993-இல் கட்டப்பட்டது. அதன் வரலாறு, இடையிடையே எரிந்து அணைந்த விளக்கின் வரலாறு. 2009-இல் கிங்ஃபிஷர் வந்து 2011-இல் நின்றது. சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சென்னைக்குப் பறந்தது. அதுவும் 2021-இல் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் பெங்களூரு, கொச்சி, சென்னை, ஹைதராபாத் என்று மீண்டும் தொடங்கின. இறங்குபவை ஏ.டி.ஆர். என்னும் விசிறி விமானங்கள்; ஒன்றில் எழுபது எண்பது பேர் உட்காரலாம். ஓடுதளத்தின் நீளம் 1,806 மீட்டர் என்பதால் பெரிய விமானங்களுக்கு அது போதாது. விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி கிராமங்களில் சுமார் 570 ஏக்கர் நிலம் கேட்கப்பட்டதும், விவசாயிகள் எதிர்த்து நின்றதும் ஊரறிந்த செய்தி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாளொன்றுக்கு 78 இருக்கை கொண்ட ஐந்து விமானங்கள் நிரம்பி வந்து நிரம்பிப் போவதாக வைத்துக்கொள்வோம். வருகிறவர் 390, போகிறவர் 390, ஆக 780 பேர். சென்னை மெட்ரோவின் நான்கு பெட்டி வண்டி ஒன்று, நிற்பவரையும் சேர்த்து, 1,200 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ளும். அதாவது காமலாபுரத்தின் ஒரு நாள் பயணிகள் அனைவரும் மெட்ரோவின் ஒரே நடையில் அடங்கிவிடுவார்கள். செலவைப் பார்த்தால், சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டருக்கு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். சுரங்கமும் உயர்பாதையும் கலந்து கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். முழுக்க உயர்பாதை என்று சொல்லி அதில் பாதியை வைத்தாலும் 20 கிலோமீட்டருக்கு 5,000 கோடியைத் தாண்டும். மத்திய அரசின் 2017 மெட்ரோ கொள்கை இருபது லட்சம் மக்கள்தொகையை அளவுகோலாக வைக்கிறது. 2011 கணக்குப்படி சேலம் நகரத் தொகுதியின் மக்கள்தொகை 9.17 லட்சம். கோவை, மதுரை முன்மொழிவுகளே இந்த மக்கள்தொகைக் காரணத்தைச் சொல்லி 2025-இல் திருப்பப்பட்ட நிலையில், காமலாபுரத்துக்கு மெட்ரோ என்று மேடையில் பேசுவது கைதட்டலுக்கு உதவும், அவ்வளவுதான்.

ஆனால் மெட்ரோ இல்லை என்றால் ரயிலே இல்லை என்று பொருளன்று. சேலத்திலிருந்து மேக்னசைட் சந்திப்பு, கருப்பூர் வழியாக ஓமலூருக்கு இருப்புப்பாதை இருக்கிறது. ஓமலூரில் அது பிரிந்து ஒரு கிளை மேட்டூர் அணைக்கும், மற்றொன்று தொப்பூர் கணவாயைத் தாண்டித் தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கும் போகிறது. விமான நிலையம் இருப்பது ஓமலூருக்கும் தொப்பூருக்கும் இடைப்பட்ட பகுதியில். காட்விக்கைப் போல, தண்டவாளம் ஏற்கெனவே அந்தப் பக்கம் ஓடுகிறது. ஒரு நடைமேடை, ஒரு கூரை, அங்கிருந்து முனையத்துக்கு ஒரு சிற்றுந்து என்று வைத்தால் மெட்ரோ செலவில் துளியாகத்தான் ஆகும்.

இதையே பெங்களூரு செய்து பார்த்தது. எலகங்கா–சிக்கபள்ளாப்பூர் பாதையில், தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் சில கிலோமீட்டர் தள்ளி 2021 ஜனவரியில் ஒரு ரயில் நிறுத்தம் திறந்தார்கள். அங்கிருந்து முனையத்துக்கு இலவசப் பேருந்து. சீட்டு பத்துப் பதினைந்து ரூபாய்; டாக்சிக்குக் கொடுப்பதில் இம்மி. ஆனாலும் கூட்டம் வரவில்லை. ஓடிய ரயில்கள் சில. அவை வந்த நேரமும் விமானங்களின் நேரமும் ஒட்டவில்லை. ஒன்றை விட்டால் அடுத்தது மணிக்கணக்கில் கழித்து. நடைமேடை கட்டுவது எளிது, கால அட்டவணை கட்டுவதுதான் கடினம் என்பதை அந்த நிறுத்தம் காட்டிவிட்டது. ஓமலூருக்கு வடக்கே பாதை ஒற்றைப் பாதை. பயணிகள் வண்டியும் அதிகமில்லை. எனவே காமலாபுரத்தில் நிறுத்தம் மட்டும் வைத்தால் பெங்களூரின் கதைதான் இங்கேயும்.

ஆகையால் இன்றைய அளவுக்குச் சேலத்துக்குப் பொருந்துவது, விமான நேரத்தோடு கட்டப்பட்ட பேருந்துதான் என்று எனக்குப் படுகிறது. சூரமங்கலத்தில் ஜங்ஷன் வாசலில் கிளம்பி, புதிய பேருந்து நிலையம், ஐந்து ரோடு தொட்டு, கருப்பூர், ஓமலூர் வழியாக முனைய வாசலில் போய் நிற்கும் ஒரு வண்டி. விமானம் தாமதமானால் தானும் தாமதிக்கும் வண்டி. இப்போது பேருந்தில் போகிறவர்கள் தருமபுரி வண்டியில் ஏறி, நெடுஞ்சாலையில் நிறுத்தக் கேட்டு, சில சமயம் 'அங்கெல்லாம் நிக்காது' என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஓமலூரிலேயே இறங்கி ஆட்டோ பிடிக்கிறார்கள். ஏற்காட்டுக்குப் போக வந்து இறங்கும் சுற்றுலாப் பயணியோ நேரே டாக்சிதான். அவர் சேலத்துக்குள் வந்து, கோரிமேடு, அடிவாரம் கடந்து, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும், அதற்கு எந்த ரயிலும் உதவாது. கோவையில் சேலத்துப் பேருந்துகள் அவிநாசி சாலையில் விமான நிலையப் பிரிவைத் தாண்டித்தான் ஊருக்குள் போகின்றன. பிரிவில் இறங்கிச் சிறிது தூரம் போனால் முனையம். பெயரில்லாத, பலகையில்லாத விமான நிலைய இணைப்பு அது. இத்தனை வருஷமாக வேலை செய்கிறது.

சேலத்துக்கே ஒரு பழைய அனுபவம் உண்டு. 1860-களில் சென்னையிலிருந்து மேற்கே வந்த இருப்புப்பாதை ஊருக்குள் வராமல் சூரமங்கலத்திலேயே நின்றது. கோட்டையும் கடைவீதியும் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். விருத்தாசலம் பாதை வந்த பிறகு டவுன் ஸ்டேஷனும் மார்க்கெட் ஸ்டேஷனும் ஊருக்குள் அமைந்தன. ஆனாலும் இன்றுவரை பெரிய வண்டிகளுக்கு ஜங்ஷன்தான். ஊருக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே உள்ள அந்த ஐந்து கிலோமீட்டரை டவுன் பஸ்களும் ஆட்டோக்களும்தான் சுமக்கின்றன.

பெங்களூரு பக்கம் மட்டும் ஒரு மாற்றம் நெருங்கி வருகிறது. சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் பேருந்துகள் பொம்மசந்திரா, எலெக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்ற வரிசையில்தான் நகருக்குள் நுழைகின்றன. இதே சாலையின் மேல் 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஓடத் தொடங்கிவிட்டது. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வழியாகத் தேவனஹள்ளி விமான நிலையம் வரை 58 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலத் தடம் கட்டப்பட்டு வருகிறது. அது திறந்தால், சேலம் பேருந்தில் வருகிறவர் நகர நெரிசலுக்குள் போகாமல் பொம்மசந்திராவிலேயே இறங்கி, இரண்டு மெட்ரோ வண்டிகளில் விமான நிலையம் போய்விடலாம். இன்று அதே ஆள் எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கிறார். வெளிநாட்டு விமானங்களுக்குப் பெங்களூரையே நாடும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு அதுதான் நடைமுறையில் தங்கள் ஊரின் விமான நிலைய ரயிலாக இருக்கும். தடம் திறக்கும் நாளில் செய்தித்தாள்கள் நீளத்தையும் செலவையும் வேகத்தையும் எழுதும். கயிறு கட்டிய அட்டைப் பெட்டியோடு வருகிறவர் முதலில் பார்க்கப்போவது, சில்க் போர்டில் மஞ்சள் தடத்திலிருந்து நீலத் தடத்துக்கு மாற எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது, முதல் வண்டி எத்தனை மணிக்கு என்ற இரண்டைத்தான்.